பழைய போர்டில் புது விண்டோஸ்: ரெய்டு டிரைவர் தேடும் முன் எண்ண வேண்டியது

பர்மாவின் பெகு நகரில் பருப்பு மண்டி நடத்தும் குடும்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நீளம், நான் சுருக்கிச் சொல்கிறேன். மண்டியில் 2009-இல் வாங்கிய கணினி இருக்கிறது. போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்செட் இன்டெல் பி45, அதோடு டிஸ்குகளைக் கவனிக்கும் ஐசிஎச்10ஆர் சிப், கோர் 2 டுவோ பிராசசர். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ரெய்டு 1-இல் ஒன்றுக்கொன்று நகல் (பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறைதான் ரெய்டு). ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. போன மாதம் கரண்ட் போய் வந்தபின் எக்ஸ்பி ஏறவில்லை. 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை. சரி, இதையே சாக்காக வைத்து விண்டோஸ் 10-க்கு மாறிவிடலாம் என்று பென்டிரைவைச் செருகினால், ஒரே டிஸ்காகத் தெரிய வேண்டியது 465 ஜிபி அளவில் இரண்டு டிஸ்காகத் தெரிகிறது. மூன்று தளங்களிலிருந்து சிப்செட் டிரைவர், ரெய்டு டிரைவர் எல்லாம் இறக்கி 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டிப் பார்த்தாராம். இன்ஸ்டாலர் ஒன்றையும் ஏற்கவில்லை. டிரைவர் என்பது ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்; அதில் எது சரியானது என்பதுதான் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "கணினியின் தேதி வேறு அடிக்கடி 2008-க்குப் போய்விடுகிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்."

அதை அப்புறம் பார்க்காதீர்கள், முதலில் பாருங்கள். நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது, "நேற்றுவரை ஒன்றாக இருந்த இரண்டு டிஸ்க் ஏன் திடீரென்று பிரிந்து நிற்கின்றன?" என்பதுதான். அதற்கு விடை அந்தத் தேதி வரியில் இருக்கிறது. டிரைவர் விஷயத்துக்கும் வருகிறேன், ஆனால் அதற்குமுன் இன்ஸ்டாலர் திரையில் எதையும் அழுத்தாமல் கணினியை அணைத்துவிட்டு இதை முழுக்கப் படியுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. யாங்கோனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். பாதிக்குமேல் நம் ஆட்களின் கடைகள், மண்டிகள், அச்சகங்கள். டிரைவரை எழுதத் தெரிந்தவன் இல்லை; பிறர் எழுதிய டிரைவரோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டவன். உங்கள் கணினியை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்று ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் உறுதியானது. இன்ஸ்டாலரில் எத்தனை டிஸ்க் தெரிகிறது என்று எண்ணினாலே பாதி நோய் தெரிந்துவிடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் அடிப்படை மென்பொருள்), டிஸ்குகளை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரை ரெய்டு என்று வைத்திருந்தால், அது விண்டோஸிடம் தன்னை ரெய்டு கன்ட்ரோலர் என்றே அறிமுகம் செய்துகொள்ளும். தனித்தனி டிஸ்குகளுக்காக விண்டோஸோடு வரும் பொதுவான ஏஹெச்சிஐ டிரைவர் அதைத் தொடாது. அதற்கென்று உள்ள ரெய்டு டிரைவர் இல்லையென்றால் ஒரு டிஸ்கும் தெரியாது, பட்டியல் காலியாக இருக்கும். டிரைவர் இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்காகத் தெரியும். உங்களுக்கு இரண்டு தெரிகிறது. டிரைவர் இல்லாத குறை இப்படித் தோற்றமளிக்காது. கன்ட்ரோலர் ரெய்டு நிலையிலிருந்து, டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஐடிஇ நிலைக்கோ ஏஹெச்சிஐ நிலைக்கோ போய்விட்டது என்பதுதான் இதன் பொருள். இன்னொரு வாய்ப்பும் உண்டு, அது அபூர்வம்: ரெய்டு நிலையில்தான் இருக்கிறது, ஆனால் டிஸ்குகளின் கடைசியில் எழுதியிருக்கும் ரெய்டு குறிப்பு அழிந்துபோய், இரண்டையும் தனி டிஸ்காகவே அது பார்க்கிறது.

இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். கணினியைப் போட்டதும், விண்டோஸ் தொடங்குமுன், கறுப்புத் திரையில் இன்டெல் பெயரோடு ஒரு சின்ன அட்டவணை சில விநாடி வந்து போகும். அங்கே கண்ட்ரோலும் ஐ எழுத்தும் சேர்த்து அழுத்தினால் உள்ளே போகலாம். அந்தத் திரையே வரவில்லை என்றால் ரெய்டு நிலை அணைந்திருக்கிறது. வந்து, இரண்டு டிஸ்குக்கும் நேராக 'நான்-ரெய்டு' என்று இருந்தால் குறிப்பு போய்விட்டது. உங்களுக்கு முதலாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தேதி 2008-க்குப் போகிறது என்றால் போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, செத்துவிட்டது. சுவரில் கரண்ட் இருக்கும்வரை அது செத்தது தெரியாது. கரண்ட் போனால் கடிகாரத்தோடு பயாஸ் அமைப்புகளும் மறந்துபோய், தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போய்விடும். அந்தக் காலத்துப் போர்டுகளில் சாட்டாவின் தொழிற்சாலை நிலை பெரும்பாலும் ஐடிஇ. நம் ஊரில் கரண்ட் எப்படிப் போய் வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்காக ரெய்டில் ஓடிய கணினி ஒரு ராத்திரியில் ஐடிஇ ஆகிவிடுவதை நான் குறைந்தது பத்து இடத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போது மற்றவையும் புரியும். 7பி நீலத்திரை என்பது, தான் குடியிருக்கும் டிஸ்கையே எட்ட முடியவில்லை என்று விண்டோஸ் சொல்வது. எக்ஸ்பி ரெய்டு டிரைவரை நம்பி எழுந்து வந்த ஆள். கன்ட்ரோலர் வேஷம் மாறியதும் வீட்டுக் கதவு தெரியவில்லை. நீங்கள் காட்டிய டிரைவர்களை விண்டோஸ் 10 ஏற்காததற்கும் காரணம் அதேதான். ரெய்டு டிரைவரின் பட்டியலில் ரெய்டு கன்ட்ரோலரின் எண் இருக்கிறது. எதிரே நிற்பதோ ஐடிஇ. பொருந்தவில்லை, ஒதுக்கிவிட்டது. அந்தத் திரையில், பொருந்தாத டிரைவர்களை மறைக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு வலுக்கட்டாயமாகப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பேட்டரியை மாற்றி ரெய்டு என்று திருப்பி வைத்தால் முடிந்ததுதானே என்று கேட்பீர்கள். பல சமயம் முடிந்துவிடும். ஆனால் ஒரு குழி இருக்கிறது, அதில் நான் விழுந்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், யாங்கோனில் 27-ஆம் தெருப் பக்கம் ஒரு மொத்தக் கடை. இதே கதை: பேட்டரி செத்து, கன்ட்ரோலர் ஐடிஇ ஆகிவிட்டது. ஆனால் அந்த எக்ஸ்பியில் ஐடிஇ டிரைவரும் விழிப்பாக இருந்ததால் நீலத்திரை வரவில்லை. ஒரு டிஸ்கிலிருந்து சாதாரணமாக ஏறி, மூன்று வாரம் வேலை நடந்திருக்கிறது. புதுக் கணக்கெல்லாம் அந்த ஒரு டிஸ்கில் மட்டும் ஏற, இன்னொன்று பழைய தேதியிலேயே உறைந்து நின்றிருக்கிறது. தேதி தப்பாகக் காட்டுகிறது என்று மட்டும் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன், பேட்டரி மாற்றினேன், பயாஸில் ஐடிஇ இருப்பதைப் பார்த்து, பெரிய கெட்டிக்காரன் மாதிரி ரெய்டுக்குத் திருப்பினேன். கன்ட்ரோலருக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. இரண்டு டிஸ்கும் ஒன்றுக்கொன்று சமம் என்றே நம்பி, கொஞ்சம் இதிலிருந்தும் கொஞ்சம் அதிலிருந்தும் படிக்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் கணக்கரம்மா போன் செய்து, "சயா, நேற்று அடித்த பில் ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை காணோம்" என்றார். அதற்குள் டேட்டாபேஸ் கோப்பு இரண்டு காலங்களின் கந்தல் ஒட்டாகியிருந்தது. மூன்று வாரக் கணக்கை பில் புத்தகத்திலிருந்து திரும்ப அடித்தார்கள். கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் எக்ஸ்பி நீலத்திரையிலேயே நின்றுவிட்டது, ஆகவே எக்ஸ்பி எதுவும் எழுதியிருக்காது. அது உங்கள் அதிர்ஷ்டம். இன்ஸ்டாலரும் பார்ட்டிஷன் திரையைத் தாண்டவில்லை. ஆனால் அது டிஸ்குகளை எட்டிப் பார்க்கும்போதே ஏதாவது சின்னக் குறிப்பை எழுதியிருக்கலாம். எழுதியது என்று சொல்ல மாட்டேன், எழுதவில்லை என்று சத்தியமும் செய்ய மாட்டேன். ஆகவே, இரண்டு டிஸ்கையும் சேர்த்துப் போட்டு ரெய்டில் ஏற்ற வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். கணினியை அணைத்து, சுவர்ப் பிளக்கையும் பிடுங்கி, இரண்டு டிஸ்கையும் வெளியே எடுங்கள். எது எந்த சாட்டா துளையில் இருந்தது என்று ஒட்டுக்காகிதத்தில் எழுதி டிஸ்கிலேயே ஒட்டுங்கள். ஒன்றைப் பீரோவில் வையுங்கள். வேலை முடியும்வரை அதற்குக் கரண்டே காட்டக் கூடாது. இன்னொன்றை யூஎஸ்பி சாட்டா அடாப்டரில் மாட்டி வேறு நல்ல கணினியில் திறங்கள். ரெய்டு 1-இல் இன்டெல் தன் குறிப்பை டிஸ்கின் வால்பகுதியில் வைக்கிறது. உங்கள் டேட்டா தலையிலிருந்தே வழக்கம்போல் தொடங்குகிறது. அதனால் ரெய்டு 1-இன் ஒரு டிஸ்கைத் தனியே எடுத்து மாட்டினால் சாதாரண டிஸ்க் மாதிரியே படிக்கலாம், எந்த ரெய்டு டிரைவரும் வேண்டாம். நீங்கள் தேடியலைந்த டிரைவர் இல்லாமலேயே டேட்டா கையில் வந்துவிடும். டிஸ்கை 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா, 'ஃபார்மேட்' செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லி, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதுங்கள். கேட்காமல் திறந்துவிட்டால், கணக்கு ஃபோல்டர் முழுவதையும் வேறு இடத்தில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல். கடைசி பில்லின் தேதியைத் திறந்து பார்த்து, மின்சாரம் போன நாள்வரை இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது ரெய்டு 1-க்கு மட்டும். ரெய்டு 0 வைத்திருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு டிஸ்கைக் கழற்ற வேண்டாம். அதில் ஒவ்வொரு கோப்பும் இரண்டு டிஸ்கிலும் துண்டு துண்டாகக் கிடக்கும். அவர்களுக்கு லினக்ஸ் நல்ல கைத்துணை. எம்டிஏடிஎம் என்ற கருவி இன்டெல்லின் ரெய்டு குறிப்பைப் படித்துச் சேர்த்துக் காட்டும். என்விடியா, சிலிக்கான் இமேஜ், விஐஏ, ஜேமைக்ரான் போன்ற பழைய போர்டு ரெய்டுகளுக்கு டிஎம்ரெய்டு. பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸே போதும், எதையும் நிறுவத் தேவையில்லை.

பழைய கணக்கு மென்பொருளிலிருந்து அறிக்கை எடுக்க எக்ஸ்பியையே ஒருமுறை ஏற்றியாக வேண்டும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. பேட்டரி மாற்றி, பயாஸில் ரெய்டு வைத்து, ஒரே ஒரு டிஸ்கை மட்டும் மாட்டி ஏற்றுங்கள். ஒரு டிஸ்க் காணோம் என்று கண்ட்ரோல்-ஐ திரை சிவப்பில் புலம்பும், புலம்பட்டும்; ரெய்டு 1 ஒற்றைக் காலிலும் ஓடும். பீரோவில் இருக்கும் டிஸ்க் அப்படியே காப்புறுதியாக இருக்கும். ஆனால் அதற்குப்பின் இரண்டையும் ஒன்றாக மாட்டாதீர்கள்.

சரி, டேட்டா கையில் வந்துவிட்டது. இனி உங்கள் கேள்விக்கு வருவோம்: டிரைவர்.

சிப்செட் டிரைவர் என்ற பெயரில் நடக்கும் கூத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். இன்டெல்லின் சிப்செட் டிரைவர் என்று நீங்கள் இறக்குவதில் பெரும்பகுதி டிரைவரே கிடையாது. ஐஎன்எஃப் என்கிற எழுத்துக் கோப்புகள்தான். இந்த எண்ணுள்ள பொருளுக்கு இது பெயர், விண்டோஸில் ஏற்கெனவே உள்ள இன்ன டிரைவரைப் பயன்படுத்து என்று சொல்லும் பெயர்ப்பலகைகள். அந்த டிரைவரின் தேதியைப் போய்ப் பாருங்கள், 1968 ஜூலை 18 என்று இருக்கும். இன்டெல் தொடங்கப்பட்ட நாள் அது. வேறு எந்த உண்மையான டிரைவர் இருந்தாலும் அதற்கே முன்னுரிமை போகட்டும் என்று வேண்டுமென்றே அரதப்பழைய தேதி போட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தத் தேதியைப் பார்த்துப் பதறி, புதிது தேடி அலையாதீர்கள். பி45 போர்டுக்கு வேண்டிய அடிப்படையெல்லாம் விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் எஸ்எம் பஸ் என்பதன் பக்கத்தில் மஞ்சள் குறி வந்தால் அது பெயர்ப்பலகை இல்லாத குறைதான். இன்டெல்லின் பழைய சிப்செட் தொகுப்பைப் போட்டால் போய்விடும், போடாவிட்டாலும் குடி முழுகாது.

ரெய்டு டிரைவர் அப்படியில்லை, அது நிஜ டிரைவர். அதோடு நில்லாமல், போர்டில் வரும் ரெய்டில் டிரைவர்தான் ரெய்டே. உங்கள் ஐசிஎச்10ஆர் சிப்புக்குள் இரண்டு டிஸ்கில் ஒரே நேரம் எழுதும் தனி மூளை எதுவும் இல்லை. கணினி எழும்வரை பயாஸ் அந்த வேலையைச் செய்கிறது, எழுந்தபின் டிரைவர் செய்கிறது. அதனால்தான் டிரைவர் போனால் ரெய்டும் போகிறது. சர்வர்களில் தனி அட்டையாக, தனக்கென்று பிராசசரும் நினைவகமும் வைத்துக்கொண்டு வரும் ரெய்டு வேறு ஜாதி.

எது உங்கள் கன்ட்ரோலர் என்று தெரிந்துகொள்ள, பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் விவரங்களில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர்: 8086 என்றால் இன்டெல் (தங்கள் 1978 பிராசசரின் பெயரையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள்), 1002 ஏஎம்டி, 1106 விஐஏ, 1095 சிலிக்கான் இமேஜ். இரண்டாவது எண் குறிப்பிட்ட சிப். உங்கள் போர்டு ரெய்டு நிலையில் இருந்தால் 8086, 2822 என்று வர வேண்டும். ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த எண்ணைத் தேடினால், அந்த டிரைவர் உங்கள் சிப்பை அறியுமா என்று தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு வில்லங்கம். இன்டெல் 2822 என்ற அதே எண்ணை ஐசிஎச்8ஆர் தொடங்கிப் பல தலைமுறைச் சிப்செட்டுகளுக்கு மறுபடி மறுபடி கொடுத்திருக்கிறது. புத்தம்புதிய டிரைவர் தொகுப்பிலும் 2822 இருக்கும், ஆனால் அந்தத் தொகுப்பு உங்கள் பழைய சிப்செட்டை எப்போதோ கைவிட்டிருக்கும். எண் பொருந்துகிறதே என்று போட்டுவிட்டு, மறுமுறை ஏற்றும்போது மறுபடி 7பி. ஆகவே இன்டெல் ரெய்டு டிரைவரில் 'புதிதே நல்லது' என்ற விதி செல்லாது. தொகுப்போடு வரும் ரீட்மி கோப்பில் ஐசிஎச்10ஆர் என்று பெயர் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அதுகூடத் தேவைப்படாது என்பது என் அனுபவம். விண்டோஸ் 10-க்குள் இன்டெல் ரெய்டு டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. ஐசிஎச்10ஆர் போர்டுகளில் ரெய்டு நிலை சரியாக இருந்தபோது, நான் எதையும் லோட் செய்யாமலே ஒரே டிஸ்காகக் காட்டியிருக்கிறது.

பழைய எக்ஸ்பி டிரைவரையே விண்டோஸ் 10-இல் திணிக்க முடியாதா என்று பலர் கேட்பார்கள். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது, இதில் பேச்சுக்கு இடமில்லை. 64 பிட் டிரைவர் கிடைத்தாலும் டிஜிட்டல் கையொப்பம், அதாவது வெளியிட்டவர் யார் என்று காட்டும் முத்திரை, வேண்டும். விஸ்டா முதலே 64 பிட் விண்டோஸ் தன் மையப்பகுதியான கெர்னலில் ஓடும் டிரைவர் கையொப்பமில்லாமல் இருந்தால் ஏற்காது. 2016-இல் வந்த 1607 பதிப்பிலிருந்து, செக்யூர் பூட் (கணினி எழும்போதே கையொப்பம் பார்க்கும் காவல்) இயங்கும் கணினியில் புதிதாக விண்டோஸ் 10 போட்டால், புது டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கையாலேயே கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கிய சான்றிதழ்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் போர்டில் செக்யூர் பூட்டே கிடையாது, அந்தக் கவலை வேண்டாம். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது: ஐஎன்எஃப் கோப்பைத் திறந்து தன் சிப்பின் எண்ணைத் தானே சேர்த்து எழுதிக்கொள்வது. நானும் நெட்வொர்க் கார்டுக்கும் சவுண்டு கார்டுக்கும் செய்திருக்கிறேன். அப்படி ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் கெட்டுவிடும், ஏனென்றால் கூட வரும் கேட்டலாக் கோப்பில் அந்த ஐஎன்எஃப்-இன் கைரேகை பதிந்திருக்கிறது. கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு ஏற்றலாம்தான். விண்டோஸ் ஏறுமுன் வரும் தொடக்க மெனு வழியாக அணைப்பது ஒரே ஒரு தடவைக்குத்தான். சவுண்டு கார்டு என்றால் அடுத்த முறை பாட்டு கேட்காது, அவ்வளவுதான். விண்டோஸ் குடியிருக்கும் டிஸ்கின் டிரைவர் என்றால் அடுத்த முறை கணினியே எழாது. கணக்கு இருக்கும் டிஸ்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்று தளங்களில் இறக்கினேன் என்கிறீர்களே, அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள். ஊர்பேர் தெரியாத டிரைவர் தளங்களிலிருந்து வந்த எக்ஸ்இ கோப்பை எந்தக் கணினியிலாவது ஓடவிட்டிருந்தால், அந்தக் கணினியை வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கணக்கு டிஸ்கை அதில் மாட்ட வேண்டும்.

எக்ஸ்பி காலத்தில் இதற்கெல்லாம் ஃபிளாப்பிதான். செட்டப் ஓடும்போது கீழே எஃப்6 அழுத்தச் சொல்லி ஒரு வரி சில விநாடி வரும், தவறவிட்டால் முதலிலிருந்து. மழைக்காலத்தில் யாங்கோனில் ஃபிளாப்பிக்குள் பூஞ்சை பூத்துவிடும் என்பதால் நான் ஒரே டிரைவரை மூன்று ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு போவேன், அப்படியும் மூன்றும் படிக்காத நாள் உண்டு. விஸ்டாவிலிருந்து பென்டிரைவில் கொடுக்கலாம் என்று ஆனபோது கோயிலில் தேங்காய் உடைக்கலாம் போல இருந்தது.

இனி என் யோசனை. முடியும் என்பதற்காக ரெய்டை விண்டோஸ் 10-க்குக் கொண்டுபோக வேண்டாம். பயாஸில் ஏஹெச்சிஐ என்று வையுங்கள். விண்டோஸ் 7-க்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் ஏஹெச்சிஐ-க்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. டிரைவர் தேடும் வேலையே கிடையாது. புதிதாக ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸைப் போடுங்கள், பழைய இரண்டு டிஸ்கும் பீரோவிலேயே இருக்கட்டும். நகல் வேண்டும் என்றால் ராத்திரி கடை சாத்தும்போது கணக்கு ஃபோல்டரை வெளி டிஸ்கில் நகலெடுத்து, அதைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ரெய்டு 1 ஒரு டிஸ்க் சாவதிலிருந்து காப்பாற்றும்; தப்பாக அழித்த பில்லை அது இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். ரெய்டுக்காக இன்னொரு டிஸ்க் வாங்கும் பணத்தில் ஒரு நல்ல யூபிஎஸ் வாங்கினால் மண்டிக்கு அதுதான் பெரிய லாபம். இல்லை, எனக்கு ரெய்டுதான் வேண்டும், ஏஹெச்சிஐ-யில் போட்டுவிட்டு அப்புறம் மாறலாமா என்றால், மாறலாம். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் ஏறுமாறு சொல்லிவிட்டு, பயாஸில் நிலையை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறவிட வேண்டும். அப்போது அது தனக்கு வேண்டிய டிரைவரைக் கண்டுகொள்ளும். அந்த வரிசை தப்பினால் மறுபடியும் 7பி.

ஆனால் விண்டோஸ் 10-தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 உங்கள் கணினியில் ஏறாது. 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசசரில் இருந்தே ஆக வேண்டும், கோர் 2 டுவோவில் அது இல்லை. இதைக் குறுக்குவழியில் தாண்டவும் முடியாது. பழைய கணக்கு மென்பொருள் 16 பிட் என்றால் அது 64 பிட் விண்டோஸ் எதிலும் ஓடாது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதியதாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். அப்போது என் கை போகும் வழி இது: கொஞ்சம் புதிய செகண்ட்ஹேண்ட் கணினி ஒன்று, அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக (மென்பொருளால் ஓடும் கணினிக்குள் கணினியாக) பழைய எக்ஸ்பி, அதற்கு இணையத் தொடர்பு கூடாது. டிஸ்க்2விஎச்டி என்ற கருவியின் பழைய பதிப்பால், ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பியை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவிடலாம். விர்ச்சுவல் மெஷினில் முதல்தடவை ஏற்றும்போது அங்கேயும் 7பி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், கன்ட்ரோலர் மாறியிருக்கிறதே. அப்படிக் கோப்பாக எடுக்கும் முன்பே எக்ஸ்பியில் ஐடிஇ டிரைவரை விழிப்பாக வைத்துவிட்டால் வராது.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெகுவில் கேட்காமலா இருப்பார்கள். வாடிக்கையாளர் பெயர்களைப் பர்மிய எழுத்தில் அடித்திருந்தால், 2009 கணினியில் அது ஜோஜி என்ற பழைய எழுத்துருவாகத்தான் இருக்கும். விண்டோஸ் 8 முதல் பர்மிய யூனிகோடு உள்ளேயே வருகிறது. நாடும் 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது. இரண்டும் ஒரே எண்வரிசையை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால், புது விண்டோஸில் பழைய பெயர்கள் கலைந்து தெரியும். டேட்டா கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், அது எழுத்துமாற்றி கேட்கிறது. நகலின் மேல் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பெட்டிக்குள் சர்வர் அட்டை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வரி. 3வேர் ரெய்டு அட்டைகளுக்கான டிரைவரை ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் எடுத்துவிட்டார்கள், இஎல்ரெப்போ தொகுப்பில் கிடைக்கும். பழைய எச்பி ஸ்மார்ட் அர்ரே அட்டைகளுக்கு சிசிஸ் டிரைவர் போய் எச்பிஎஸ்ஏ வந்தபோது டிஸ்கின் பெயரே மாறியது. பூட் அமைப்பில் பழைய பெயரை எழுதி வைத்திருந்தால் அப்டேட் செய்த அன்றே சர்வர் நின்றுவிடும். இதற்குமேல் சர்வர் அட்டைகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பேட்டரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கை உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளி வரும். புதியதில் கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே. டிஸ்க் எதையும் மாட்டாமல் பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, சாட்டா நிலை என்னவென்று இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஐடிஇ என்றுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். எதையும் மாற்றிச் சேமிக்கும் முன் அந்தப் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.